அப்பா இழந்த வைப்புத்தொகையும் மகனின் சேமிப்புக் கணக்கும்

நிதி ஆலோசனைக்கு வருபவர்களிடம் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: உங்களுக்குப் பத்து வயதாக இருந்தபோது வீட்டில் பணத்தைப் பற்றி யார், எந்தத் தொனியில் பேசினார்கள்? "அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சற்று யோசித்துவிட்டு அவர்கள் சொல்லும் பதிலோ, கணக்கு விவரம் காட்டாத பலவற்றைக் காட்டிவிடும்.

டேவிட் வைட்பிரெட்டும் சூ பிங்காமும் பிரிட்டனின் பண ஆலோசனைச் சேவைக்காக 2013இல் தயாரித்த அறிக்கை, பணம் தொடர்பான அடிப்படைப் பழக்கங்கள் பலவும் ஏழு வயதுக்குள்ளேயே உருவாகிவிடுவதாகக் கூறியது. ஏழு என்ற எண்ணை நான் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதில்லை. குடும்பத்தில் நேர்ந்த ஒரு பண இழப்பு, பதினைந்து வயதுப் பிள்ளையின் மனத்திலும் அதே ஆழத்தில் பதிவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இழப்பு ஏன் நேர்ந்தது என்று பெரியவர்கள் சொல்லாமல் விடும்போது, பிள்ளை தனக்குத் தெரிந்த அளவில் ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது. நாற்பது வயதிலும் அந்தக் காரணத்தை வைத்தே முடிவெடுக்கிறது.

தமிழ்நாட்டில் 1990களில், வங்கிகளைவிட மிக அதிக வட்டி தருவதாகச் சொல்லி வைப்புத்தொகை திரட்டிய நிதி நிறுவனங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை அடைத்தன. முதலீட்டாளர்களைக் காக்க 1997இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஓய்வுக்காலப் பணத்தை அப்படி இழந்த ஒருவரின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). நல்ல சம்பளம், கடன் கிடையாது. ஆனால் சேமித்த 32 லட்சம் ரூபாயும் ஒரே வங்கியின் சேமிப்புக் கணக்கில் கிடந்தது. "பணம் கண்ணுக்குத் தெரியணும் சார், நினைச்சா எடுக்கணும்" என்றார். அப்பாவின் வைப்புப் பத்திரம் இன்னும் பீரோவில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே இருக்கிறதாம். அதைப் பற்றி அப்பா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

மூன்று சதவீத வட்டியும் ஐந்து சதவீத விலையேற்றமும் என்று வைத்துக்கொண்டால், சேமிப்புக் கணக்கில் உள்ள 10 லட்சத்தின் வாங்கும் சக்தி பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டேகால் லட்சமாகக் குறைந்துவிடும். இந்தக் கணக்கு அவரை அசைக்கவில்லை. அசைத்தது வேறொன்று: ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள வைப்புகளில், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைக்கும்தான் காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரி வரை அதுவும் ஒரு லட்சமாகத்தான் இருந்தது. பாதுகாப்பு என்று நினைத்து அவர் செய்திருந்த ஏற்பாடு, அவருடைய சொந்த அளவுகோலின்படியே ஓட்டை. அப்பாவின் இழப்பிலிருந்து, வங்கியை விட்டு வெளியே போனால் பணம் போய்விடும் என்று அவர் கற்றிருந்தார். அங்கே கற்க வேண்டியிருந்தது, அளவுக்கு மீறிய வட்டி எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பதும், ஒரே இடத்தில் எல்லாவற்றையும் போடாமல் இருப்பதும்.

இன்னொருவர் ஆசிரியை. பள்ளிக் கட்டணம் கட்ட ஒவ்வொரு ஜூனிலும் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவர். இன்று மாதந்தவறாமல் நகைச்சீட்டு கட்டுகிறார். கிரெடிட் கார்டு பாக்கிக்கோ குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவருகிறார். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். வங்கி நகைக்கடனின் வட்டி ஏறத்தாழ அதில் நான்கில் ஒரு பங்குதான். ஆயினும் நகையை அடகு வைப்பது அவருக்கு மானப் பிரச்சினை. கார்டு பாக்கி வெளியே யாருக்கும் தெரியாது. வட்டி விகிதத்தைச் சொல்லி இப்படிப்பட்டவர்களை மாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் கார்டைப் பற்றிப் பேச முடிந்தது. நகையை அடகு வைக்க அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. புதிய சீட்டு சேராமல், அந்தத் தவணையைக் கார்டு பாக்கிக்குத் திருப்புவதற்கு ஒப்புக்கொண்டார். அது போதும்.

தனியாகச் செய்து பார்க்க விரும்புபவர்கள், சிறு வயதில் பணத்தைப் பற்றிக் கேட்ட வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சொன்னவர் யார், அப்போது குடும்பத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று குறிக்கலாம். கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதிப் பரிமாறிக்கொண்டால், "நீ ஏன் எப்பவும் செலவுக்குப் பயப்படுறே?" என்ற சண்டைக்கு ஒரு வரலாறு கிடைக்கும்.

இப்போதைய குழந்தைகளின் நிலை வேறு. யூபிஐ 2016இல்தான் வந்தது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் பர்ஸில் நோட்டு குறைவதை அதிகம் பார்த்ததில்லை. கடைக்காரரின் பெட்டி தொகையைச் சத்தமாகச் சொல்வதைத்தான் கேட்கிறார்கள். மளிகை, மின்கட்டணம், வாடகை ஆகியவற்றை மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் கையாலேயே எழுதவிடுவது நல்லது. பொம்மை கேட்கும்போது "நம்மகிட்ட பணம் இல்லை" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே ஓட்டலுக்கு அழைத்துப்போனால் குழந்தை குழம்பும். "இந்த மாசம் இதுக்கு ஒதுக்கலை" என்பது உண்மையான பதில். வீட்டில் கடன் இருந்தால், எதற்காக வாங்கினோம், எந்த மாதத்தோடு முடியும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் தாராளமாகச் சொல்லலாம். தொகையைச் சொல்லத் தயக்கம் என்றால், முடியும் மாதத்தை மட்டுமாவது.