அரசியல்வாதியின் ட்வீட்டுக்கு எந்திரம் மார்க் போடுவது எப்படி?

அமெரிக்க காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினர்கள் 2009 முதல் 2019 வரை போட்ட சுமார் 13 லட்சம் ட்வீட்டுகளை எடுத்து, இவர்கள் பேச்சில் நாகரிகம் கூடுகிறதா குறைகிறதா என்று உளவியல் ஆய்வாளர் ஜெரமி ஃப்ரைமரும் அவருடைய குழுவும் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வெளியானது. அந்தப் பத்தாண்டில் அநாகரிகம் 23 சதவீதம் ஏறியிருந்தது. சரி, 13 லட்சத்தையும் யார் உட்கார்ந்து படித்தது? ஒரு மென்பொருள்தான். அது எப்படிப் படிக்கிறது என்று தெரியாமல் அந்த 23-ஐ அப்படியே நம்பவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது.

மென்பொருளின் பெயர் பர்ஸ்பெக்டிவ். கூகுளின் ஜிக்சா பிரிவு 2017-இல் வெளியிட்டது. எதை எழுதிக் கொடுத்தாலும் 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு எண் தரும். 0.8 வந்தால் '80 சதவீதம் கெட்ட பேச்சு' என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பத்துப் பேரிடம் காட்டினால் எட்டுப் பேர் முகம் சுளிப்பார்கள் என்பது அதன் கணிப்பு, அவ்வளவுதான். எட்டுப் பேருக்கு லேசாக உறுத்துகிற வாக்கியமும் 0.8 வாங்கலாம், இரண்டு பேரை மட்டும் ஆழமாகக் குத்துகிற வாக்கியம் 0.2-இல் நின்றுவிடலாம்.

இந்தக் கணிப்பை அது மனிதர்களிடமிருந்துதான் கற்றது. விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கிற பேச்சுப் பக்கங்களில் ஆட்கள் சண்டை போட்டு எழுதியதையெல்லாம் திரட்டி, ஒவ்வொன்றையும் பலரிடம் கொடுத்து, 'இப்படிப் பேசினால் நீங்கள் உரையாடலை விட்டு எழுந்து போவீர்களா?' என்ற தோரணையில் கேட்டார்கள். எந்தச் சொல் எதன் பக்கத்தில் வந்தால் மக்கள் முகம் மாறுகிறது என்பதை எந்திரம் அந்தப் பதில்களிலிருந்து பிடித்துக்கொண்டது.

ஓட்டையும் அங்கேதான். ஒருவர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று சாதாரணமாகச் சொன்னதற்கே ஆரம்பத்தில் அது அதிக மதிப்பெண் போட்டது, ஏனென்றால் அது படித்த பக்கங்களில் அந்தச் சொல் பெரும்பாலும் வசவாகத்தான் வந்திருந்தது. வசைச்சொல்லின் நடுவே ஒரு எழுத்தை இரட்டித்தாலே மதிப்பெண் சரிந்துவிடுவதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இலேயே காட்டினார்கள். கெட்ட வார்த்தையே இல்லாமல், பதவிசாக, ஒரு சமூகத்தையே நாட்டை விட்டு அனுப்பச் சொல்கிற தலைவர் சுலபமாகத் தப்பிவிடலாம். என்னைக் கேட்டால் இதுதான் ஆகப் பெரிய ஆபத்து.

தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல். 'அமைச்சர் பேசினார்' என்பதை 'பேசினான்' என்று முடித்தாலே மரியாதை போய்விடுகிறது, பிடிக்க ஒரு வசைச்சொல்கூட இல்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கமெண்ட்டுகளை ஆட்களைக் கொண்டு தரம் பிரித்து, அவற்றில் வசவை யாருடைய எந்திரம் சரியாகப் பிடிக்கிறது என்று 2021-இல் ஆய்வாளர்களுக்கு ஒரு போட்டியே வைத்தார்கள். அந்த வேலை இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

அதனால் தனி ஒரு ட்வீட்டை வைத்து ஒரு தலைவரைக் கூண்டில் ஏற்ற இந்த எண் போதாது. லட்சக்கணக்கில் அளக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமான தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஆனால் ஒரே பக்கம் சாய்கிற தவறு அப்படியே நிற்கும். ஃப்ரைமர் குழு ட்வீட்டுகளோடு அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பையும் சேர்த்துப் பார்த்தது, எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. கடுமையாகப் பேசிய ட்வீட்டுகளுக்கு லைக்கும் ரீட்வீட்டும் கூடுதலாக விழுந்தன, அப்புறம் அப்படி வரவேற்பு கிடைத்த உறுப்பினர்கள் அடுத்தடுத்து இன்னும் கடுமையாக எழுதினார்கள்.