சிறுநீர் நன்றாகப் போகிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா?

"யூரின் நல்லாத்தானே சார் போகுது, அப்புறம் எப்படி கிட்னி ஃபெயிலியர்?"

போன வாரமும் இதே கேள்வி. கேட்டவர் நாற்பதுகளில் இருக்கும் லாரி ஓட்டுநர், பல வருடச் சர்க்கரை நோயாளி. மூச்சு வாங்குகிறது, வாந்தி நிற்கவில்லை என்று வந்தார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 11, ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. அன்றிரவே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ். சில மாதங்கள் முன்பு வந்திருந்தால் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைக்கும் சிறு அறுவை) வைத்து நிதானமாகத் தயாராகியிருக்கலாம். சில வருடங்கள் முன்பு வந்திருந்தால் டயாலிசிஸையே வெகுவாகத் தள்ளிப்போட்டிருக்கலாம். கால் வீங்கியபோதுகூட, சிறுநீர் குறையவில்லையே என்று இருந்துவிட்டாராம். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

எவ்வளவு போகிறது என்று பார்க்கிறீர்கள். அதில் என்ன போகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய 99 சதவீதம் திரும்ப ரத்தத்துக்கே போய்விடும், மீதி ஒன்றரை லிட்டர் அளவுதான் வெளியே வரும். நல்ல சிறுநீரகத்துக்கு ஒரு திறமை உண்டு. தண்ணீர் குறைவாகக் கிடைக்கும் நாளில், அன்றைய கழிவு முழுவதையும் அரை லிட்டரில் அடக்கி அனுப்பிவிடும். பழுதாகும் சிறுநீரகம் இந்தத் திறமையைச் சீக்கிரமே இழக்கிறது. அதே கழிவை வெளியேற்ற அதற்கு 2 லிட்டர் தேவைப்படும். அதனால்தான் சிலர் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போகிறார்கள். "தாராளமாப் போகுது" என்று அவர்கள் சந்தோஷமாகச் சொல்வதே சில சமயம் எனக்கு நோயின் அறிகுறி. ஆண்கள் அதையும் புராஸ்டேட் என்று தள்ளிவிடுகிறார்கள்.

இன்னொரு கொடுமை, டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பலருக்குக் கொஞ்ச காலம் சிறுநீர் போகும். அதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று டயாலிசிஸை நிறுத்துகிறார்கள். தண்ணீர் வெளியேறும், பொட்டாசியம் உள்ளேயே தங்கும். அது ஏறினால் இதயமே நின்றுபோகலாம். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி கழுவப்பட்டுவிடும் என்பதும் இதே குழப்பத்தின் தொடர்ச்சிதான். கல் உள்ளவர்கள், வெயிலில் வேலை செய்பவர்கள் நிறையக் குடிக்கட்டும். கால் வீங்கி மூச்சு வாங்குபவர் அதைச் செய்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் வருடம் ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இரண்டையும் பாருங்கள். கிரியேட்டினினோடு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்குங்கள். 60 வயதுப் பெண்ணுக்குக் கிரியேட்டினின் 1.2 என்றால் பல லேப்களில் நார்மல் என்றுதான் வரும். கணக்குப் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர். 52 அளவில்தான் நிற்கும். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். வலி இருக்காது, அதனால் வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கும் மாத்திரையை நிறுத்துங்கள். பஸ்பம், லேகியம், பொடி எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள், பொட்டலத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். திட்டமாட்டேன். என்ன உள்ளே போகிறது என்று தெரிந்தால்தான் எதை நிறுத்துவது என்று முடிவுசெய்ய முடியும்.