கரிசலில் மணலைக் கொட்டாதீர்கள்

கோவில்பட்டிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரி வைக்கலாம் என்று இறங்கியவர்களுக்குத் தெரியும், மழை பெய்தால் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும் அதே மண் சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். உடனே எல்லாரும் சொல்லும் வைத்தியம் மணல். நானும் பத்துச் சட்டி போட்டேன், அடுத்த கோடையில் கொத்தக் கடப்பாரை தேவைப்பட்டது.

களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, தகடு தகடாக இருக்கும். கரிசலில் நிறைய உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களி வகையில் அந்தத் தகடுகளின் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து மண்ணை உப்ப வைக்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இதில் கொஞ்சம் மணல் போட்டால் மணலுக்கு இடையிலுள்ள இடைவெளியையெல்லாம் களி அடைத்துப் பூச்சுவேலை மாதிரி இறுகிவிடும். பாதிக்குப் பாதியாவது மணல் வேண்டும். 10க்கு 10 அடிப் பாத்தியில் ஓரடி ஆழ மண்ணுக்குச் சமமாகக் கலக்க 100 கன அடி மணல், அதாவது முழுசாக ஒரு யூனிட். கத்தரிக்காய்க்கா இத்தனை செலவு?

துகளை மாற்ற முடியாது, அவை சேர்ந்திருக்கும் விதத்தை மாற்றலாம். தொழு உரமோ இலைமட்கோ போட்டால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பசை மாதிரி ஒன்றைச் சுரக்கும், பூஞ்சை இழைகளும் வேர்களும் சேர்ந்து களியைக் குருணை குருணையாகக் கட்டும். குருணைகளுக்கு நடுவே உள்ள பெரிய சந்தில் தண்ணீர் வடியும், காற்று போகும். உள்ளே இருக்கும் நுண்துளைகளில் ஈரம் தங்கும். களியின் எதிர்மின்னூட்டம் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைத்திருக்கும், அதனால் களிமண்ணைத் திட்ட எனக்கு மனசில்லை.

இரண்டு அங்குலம் மட்கைப் பரப்பி அரையடி ஆழம் கலந்தால் போதும், ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் சிதைந்துவிடுவதால் வருஷா வருஷம் போட வேண்டும். பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் நேரத்தில், ஏறக்குறைய 45 நாளில், மண்ணுக்குள் மடக்கிவிடுவது இன்னும் மலிவு. அப்புறம் மேலே இலைதழை மூடாக்கு.

பதம் பார்க்காமல் கொத்தாதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டுங்கள், உதிர்ந்தால் சரி. சப்பாத்தி மாவு மாதிரி அமுங்கினால் நாலு நாள் விடுங்கள். ஈரத்தில் கொத்தினால் இருக்கிற குருணையும் நசுங்கிப் போகும்.

ஜிப்சம் போடலாமா என்றால், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மட்டும். அங்கே சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடும், ஜிப்சத்தின் கால்சியம் அதை விரட்டி இடத்தைப் பிடிக்கும். காய்ந்த சிறு கட்டியை மழைநீரில் கிளறாமல் போட்டுப் பாருங்கள், சுற்றிலும் பால் மாதிரிக் கலங்கினால் களர் என்று சந்தேகப்பட்டு மண் பரிசோதனைக்கு அனுப்பலாம். கலங்காவிட்டால் ஜிப்சம் வாங்கும் காசுக்கு எருவே வாங்குங்கள்.