வாடிக்கையாளர் கேட்ட கேள்வியே தலைப்பாகட்டும்

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் நடத்தும் ஒருவருடைய இணையதளத்துக்கு எழுதும் பொறுப்பை ஏற்றபோது, முதல் மூன்று மாதங்களில் பத்துக் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தேன். தேங்காய் எண்ணெயின் நன்மைகள், கூந்தல் பராமரிப்பு, குழந்தைகளுக்கான எண்ணெய்க் குளியல் என்று எல்லாமே கூகுளில் பலரும் தேடும் தலைப்புகள்தான். படிக்க ஆட்கள் வந்தார்கள். ஆர்டர் மட்டும் வரவில்லை. வந்தவர்கள் என்ன தட்டித் தேடினார்கள் என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கூகுளின் கருவியில் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. அவர்கள் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் எண்ணெயை எப்படிப் பயன்படுத்துவது என்று அறிய வந்தவர்கள். எண்ணெய் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் தேடும் சொற்கள் வேறாக இருந்தன. அந்தச் சொற்களுக்கு எங்கள் தளத்தில் ஒரு வரி விடைகூட இல்லை.

இப்படிப் பயனுள்ளதை எழுதி, தேடி வருபவரை வாடிக்கையாளராக்கும் முறைக்கு இன்பவுண்ட் மார்க்கெட்டிங் என்ற பெயர், 2006-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஹப்ஸ்பாட் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழியாகப் பரவியது. வழிமுறை அதைவிடப் பழையது. உழவுக் கருவிகள் செய்யும் ஜான் டியர் நிறுவனம், உழவர்களுக்குப் பயன்படும் செய்திகளைத் தாங்கிய ‘தி ஃபர்ரோ’ என்ற இதழை 1895-இலேயே வெளியிடத் தொடங்கிவிட்டது. போகிறவரை வழிமறித்து விற்காமல், தேவையோடு தேடுபவருக்கு விடை கொடுத்து, அந்த விடையின் நம்பிக்கையில் அவரைக் கடைக்குள் வரவைப்பதே இதன் அடிப்படை. ஆகவே எந்தத் தேவையோடு தேடுகிறார் என்று தெரியாமல் எழுதப்படும் உள்ளடக்கம், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், கூட்டத்தைச் சேர்க்குமே தவிர வாடிக்கையாளரைச் சேர்க்காது.

அந்தத் தேவையை நான் கண்டுகொண்ட இடம் செக்கு ஆலையின் பேக்கிங் மேசை. ஜனவரி மாதக் காலை ஒன்றில், ஊட்டியிலிருந்து ஒரு பெண்மணி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். பாட்டில் முழுவதும் வெள்ளையாக, மெழுகுபோல இறுகியிருந்தது. கலப்பட எண்ணெயை அனுப்பிவிட்டீர்கள் என்பது அவருடைய புகார். மேசையில் மூடி திருகிக்கொண்டிருந்த பெண், கையைத் துணியில் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து நிதானமாகச் சொன்னார்: “தேங்காய் எண்ணெய் குளிருக்கு உறையத்தானுங்க அக்கா செய்யும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சுப் பாருங்க, தானா இளகிருமுங்க.” மார்கழி, தை மாதங்களில் இதே பதிலை ஒரு நாளைக்குப் பலமுறை சொல்வதாக அவர் சொன்னார். பல ஆண்டுகளாக வாய்மொழியாகவே சொல்லப்பட்டு வந்த அந்தப் பதில், இணையதளத்தில் எங்குமே எழுதப்படவில்லை.

நான் எழுதிய பதினோராவது கட்டுரை அதுதான். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதையும், உறைந்து இளகுவதால் எண்ணெய் கெடாது என்பதையும், ஊட்டிப் பாட்டிலைப் போன்ற ஒரு பாட்டிலின் படத்தோடு விளக்கினேன். உறைந்தாலே அது சுத்தமான எண்ணெய் என்று எழுதிவிடலாம் என்று உரிமையாளர் விரும்பினார். அதற்கு நான் உடன்படவில்லை; எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் பாம் கர்னல் எண்ணெயும் ஏறக்குறைய இதே வெப்பநிலையில் உறையக்கூடியது. எனவே உறைவது இயல்பு, ஆனால் அது மட்டுமே தூய்மைக்குச் சான்று ஆகாது, ஐயம் இருந்தால் ஆய்வகச் சோதனைதான் வழி என்று எழுதினோம். எங்களுக்குச் சாதகமான ஒரு பொய்யைச் சொல்லாமல் விட்ட அந்த வரியைக் குறிப்பிட்டு, அதனாலேயே வாங்குகிறேன் என்று எழுதிய வாடிக்கையாளர்கள் உண்டு.

எழுதத் தயங்கும் தலைப்புகளில் முதன்மையானது விலை. “போட்டிக்காரன் பார்த்துருவானுங்க” என்பது நான் எல்லா ஊர்களிலும் கேட்கும் பதில். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நீச்சல் குளம் அமைத்துத் தரும் ரிவர் பூல்ஸ் நிறுவனத்தின் மார்கஸ் ஷெரிடன், 2008-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் தொழிலே மூழ்கும் நிலையில், வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் இணையத்தில் விடை எழுதத் தொடங்கினார். ஃபைபர் கிளாஸ் குளத்துக்கு என்ன செலவாகும் என்ற கேள்விக்கும் அவர் வெளிப்படையாக விடை எழுதினார். விலையைத் தேடுபவர் வாங்கும் முடிவுக்கு மிக அருகில் நிற்பவர் என்பதால், அந்த விடை நிறுவனத்துக்குப் பெரும் விற்பனையைக் கொண்டு வந்தது.

செக்கு எண்ணெயிலும் அதுவே நடந்தது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் கொப்பரை வேண்டும். அன்றைய கொப்பரை விலை, ஆட்டுகூலி, பாட்டில், போக்குவரத்து ஆகியவற்றைக் கூட்டி, புண்ணாக்கு விற்று வரும் தொகையைக் கழித்து, கணக்கை அப்படியே பக்கத்தில் போட்டோம். கொப்பரையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும் நிறம் வெளுப்பாகத் தெரியவும் கந்தகப் புகை போடும் வழக்கம் தொழிலில் உண்டு என்பதையும், புகை போடாமல் வெயிலில் காயவைத்துத் தரம் பிரிக்கும்போது கழிவு கூடுவதால் விலையும் கூடுகிறது என்பதையும் சேர்த்தோம். கடை எண்ணெய் விலைக்கே செக்கு எண்ணெய் வேண்டும் என்போருக்கு எங்களிடம் பொருள் இல்லை என்ற வரியையும் உரிமையாளர் பெருந்தயக்கத்துக்குப் பிறகு அனுமதித்தார். அதன் பிறகு விலை கேட்டுவிட்டுக் காணாமல் போகும் அழைப்புகள் குறைந்தன. பேசுபவர்கள் எத்தனை லிட்டர் என்ற பேச்சிலிருந்தே தொடங்கினார்கள்.

ஆட்களை ஈர்க்கும் ஆசையில் பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. அதை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். சர்க்கரை நோய் குணமாகும், தைராய்டு சரியாகும் என்ற தலைப்புகள் வேகமாகப் பகிரப்படும். உணவுப் பொருள் நோயைத் தடுக்கும் அல்லது குணமாக்கும் என்று விளம்பரப்படுத்துவதை 2018-ஆம் ஆண்டு உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கட்டுரை வடிவில்தானே எழுதினோம் என்று இருந்துவிட வேண்டாம். சட்டத்தையும் தாண்டி, மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை நம்பும் ஒருவர் அந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

படித்தவர் வாங்குபவராக மாறும் இடத்தில் நாங்கள் செய்தவை மிக எளியவை. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ஒரே ஒரு வாட்ஸ்அப் பொத்தான் வைத்தோம். அதை அழுத்தினால், ‘எண்ணெய் உறைவது பற்றிப் படித்தேன், ஒரு லிட்டர் வேண்டும்’ என்பதுபோல அந்தக் கட்டுரைக்கு உரிய செய்தி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வாடிக்கையாளருக்குத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சமாகிறது. எந்தக் கட்டுரை விற்பனையைக் கொண்டு வருகிறது என்பது செலவில்லாமல் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கூரியர் கட்டணத்தைக் கடைசியில் காட்டி அதிர்ச்சி தராமல் விலைக்குப் பக்கத்திலேயே போட்டோம். படிப்பதற்கு முன்பே தொலைபேசி எண் கேட்கும் படிவத்தை எடுத்துவிட்டோம். எண் வாங்கியே ஆக வேண்டுமென்றால், எதற்காக என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

எழுதிவிட்டதோடு வேலை முடிவதில்லை. கொப்பரை விலை நிலையாக நிற்பதில்லை. பழைய கணக்கு பக்கத்தில் கிடந்தால், அதுவரை சேர்த்த நம்பிக்கையை அதுவே கெடுத்துவிடும். ஆகவே இப்போது திங்கட்கிழமை காலை, செக்கில் முதல் ஆட்டு போடுவதற்கு முன், உரிமையாளர் அன்றைய கொப்பரை விலையை எனக்கு அனுப்புகிறார். மாற்றிய தேதியை நான் பக்கத்தின் முதல் வரியில் போடுகிறேன்.