நெறிமுறையில் எண்ணை மட்டும் படிக்காதீர்கள்

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் முதியவர்களின் பிள்ளைகள், இணையத்தில் கிடைத்த வழிகாட்டு நெறிமுறையைக் கைப்பேசியில் காட்டி, "130-க்குக் கீழே இருக்க வேண்டுமாமே டாக்டர், அப்பாவுக்கு 142 இருக்கிறதே, மருந்தைக் கூட்டலாமா?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. படித்துவிட்டு வந்து கேட்பதை மனதார வரவேற்கிறேன். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை விட்டுவிடுவதுதான் கவலை தருகிறது.

மருத்துவ நெறிமுறை சட்டமன்று; பல ஆய்வுகளைத் தொகுத்து, பெரும்பாலானோருக்கு எது நன்மை தரும் என்று வல்லுநர் குழு கூறும் பரிந்துரை. 2017-இல் வந்த அமெரிக்க நெறிமுறை 130/80-ஐயே உயர் இரத்த அழுத்தத்தின் தொடக்கமாக வகுத்தது. மறு ஆண்டு வந்த ஐரோப்பிய நெறிமுறை 140/90-ஐ விட்டு நகரவில்லை. கோட்டை எங்கே போடுவது என்பதில் வல்லுநர்களே வேறுபடுகிறார்கள்.

142 உள்ள முதியவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தத்தை அளந்துவிட்டு, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளப்போம். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், மருந்தைக் கூட்டுவது அவரைக் குளியலறையில் தலைசுற்றி விழவைத்து, இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடக்கூடும். இத்தகைய தளர்ந்த முதியவர்களுக்கு ஆளைப் பார்த்து இலக்கை முடிவு செய்யும்படி நெறிமுறைகளே சொல்கின்றன. அந்தப் பத்தி கைப்பேசியில் பகிரப்படும் படத்தில் இருப்பதில்லை. பரிந்துரையிலிருந்து விலகும் மருத்துவர் அதற்கான காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

வெளியான ஆண்டையும் பாருங்கள். ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு அறிவுறுத்தியது. 2015-இல் வெளியான ஆய்வு, சீக்கிரமே கொடுத்துப் பழக்கிய குழந்தைகளிடம் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைவதைக் காட்டவே, கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு மருத்துவரின் பரிசோதனைக்குப் பின் 4 முதல் 6 மாதத்துக்குள் வேர்க்கடலையைக் குழந்தை விழுங்கக்கூடிய கரைசலாகத் தொடங்கலாம் என்று 2017-இல் பரிந்துரை தலைகீழாக மாறியது. பழைய அறிவுரையை நம்பி இன்றும் கடலையைத் தள்ளிப்போடும் பெற்றோர்கள் இருக்கிறார்கள்.