ஒரே கூட்டில் இரண்டு டீசல் என்ஜின்கள்: பின்லாந்தின் டி.ஆர்.13 வகை லோகோ பராமரிப்பாளர்களுக்குச் சொல்வது

ஒன்று நின்றாலும் இன்னொன்று இழுத்துவிடும் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய சேதத்தைக் கொண்டுவரும் என்பதை, டீசல் லோகோக்களைப் பராமரிக்கும் ஷெட்டில் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே நேரில் கண்டேன். இரட்டையாகக் கோத்து ஓடிய சரக்கு லோகோக்களில் பின்னால் இருந்தது ஏற்றத்தில் சுமையை விட்டுவிட்டு ஐட்லுக்கு வந்துவிடுகிறது என்று, அடுத்தடுத்த மூன்று பயணங்களிலும் லோகோ பைலட்டுகள் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். முன்னால் இருந்த லோகோ வண்டியை எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிட்டதால், அடுத்த ஷெட்யூலில், அதாவது அடுத்த முறைப் பராமரிப்பில், பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான். அந்த ஷெட்யூலுக்கு அது பிட்டில் (அடிப்பகுதியில் வேலை செய்யும் பள்ளத்தின் மேல்) ஏறியபோது ஆயில் ஃபில்டரில் பேரிங் உலோகத் துகள்கள் மின்னின; கிராங்க்ஷாஃப்ட்டையே கழற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

பின்னாளில் பயிற்சி வகுப்பு எடுக்கும் பொறுப்பு வந்தபோது, இந்த நினைப்பின் ஆபத்தைப் புதியவர்களுக்கு விளக்க, பின்லாந்தின் டி.ஆர்.13 வகை லோகோவைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் இரண்டு லோகோக்களைக் கோத்துச் செய்ததை, அந்த லோகோ ஒரே கூட்டுக்குள் இரண்டு டீசல் என்ஜின்களை வைத்துச் செய்தது. (குழப்பம் வராமலிருக்க, வண்டியை இழுக்கும் முழு வாகனத்தை லோகோ என்றும், அதனுள்ளே எரிபொருளை எரிக்கும் பகுதியை மட்டும் என்ஜின் என்றும் இங்கே எழுதுகிறேன்.)

1950-களின் இறுதியில் பின்லாந்து அரசு ரயில்வே நீராவியிலிருந்து டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே ரோவனியமி வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டர். பெரும்பகுதி ஒற்றைப் பாதை. மரமும் காகிதமும் முக்கியச் சரக்கு. பாதையின் அகலம் 1,524 மி.மீ., அதாவது நம்முடைய அகலப்பாதையைவிடச் சற்றே குறுகியது. 1959 முதல் ஓடத் தொடங்கிய, ‘ஹுரு’ என்று செல்லப்பெயர் பெற்ற டி.ஆர்.12 வகை லோகோக்கள் வலிமையானவை என்றாலும் எடை மிகுந்தவை. ஆற்றல் அதைவிடக் கூடுதலாகவும் எடை அதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும், பயணிகள் வண்டியையும் சரக்கு வண்டியையும் ஒரே லோகோ இழுக்க வேண்டும் என்ற இரண்டு எதிர்பார்ப்புகளுக்கும் விடை பிரான்சின் அல்ஸ்தோம் நிறுவனத்திடமிருந்து வந்தது.

முதல் இரண்டு லோகோக்கள் பிரான்சின் பெல்ஃபோர் நகரில் கட்டப்பட்டன. மீதி 52 லோகோக்களை, உரிமம் பெற்று, தம்பெரெ நகரின் லோகோமோ, வால்மெட் ஆகிய இரு தொழிற்சாலைகள் 1965 வரை கட்டி முடித்தன. டீசல் என்ஜின் எம்.ஜி.ஓ. என்ற பிரெஞ்சு வடிவமைப்பு. அதையும் தம்பெரெயிலேயே தம்பெல்லா நிறுவனம் உரிமத்தின் பேரில் தயாரித்தது. லோகோவின் கூடும் அதன் இதயமும் ஒரே நகரத்தில் உருவாயின என்பது பராமரிப்பவரின் கண்ணுக்குச் சாதாரணச் செய்தி இல்லை. உதிரிபாகத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்து லோகோவை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி என்ஜினுக்கு வருவோம். ஒவ்வொன்றும் வி வடிவில் 16 சிலிண்டர்கள், சிலிண்டரின் விட்டம் 175 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 180 மி.மீ., சுழற்சி நிமிடத்துக்கு 1,500, ஆற்றல் 1,030 கிலோவாட். இரண்டும் சேர்ந்தால் 2,060 கிலோவாட், அதாவது சுமார் 2,800 குதிரைத்திறன். லோகோவின் மொத்த எடை ஏறத்தாழ 99 டன். ஆறு அச்சுகளுக்குப் பகிர்ந்தால் அச்சுக்கு 16.5 டன். 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து இந்தியாவுக்கு வந்து, பின்னர் வாரணாசியில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.2 லோகோவை எடுத்துக்கொண்டால், அதன் எடை 112.8 டன், ஆற்றல் 2,600 குதிரைத்திறன், உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 1,000 முறை சுழலும் ஒரே ஒரு பெரிய என்ஜின். எடை ஏறத்தாழ 14 டன் குறைந்து, ஆற்றல் 200 குதிரைத்திறன் கூடுகிறது என்றால், கணக்குப் பார்ப்பவர் எந்த லோகோவைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஷெட்டில் நிற்பவர் போட வேண்டிய கணக்கு வேறு. டி.ஆர்.13-இல் 32 சிலிண்டர்கள் இருக்கின்றன, டபிள்யூ.டி.எம்.2-இல் 16. 32 பிஸ்டன்கள், 32 லைனர்கள் (சிலிண்டரின் உள்ளுறைகள்), 32 இன்ஜெக்டர்கள், இரண்டு கிராங்க்ஷாஃப்ட்டுகள், இரண்டு ஆயில் பம்புகள் என்று எல்லாமே இரட்டிப்பு. பிஸ்டன் நகரும் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் இரண்டிலும் அது வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் என்றே வருகிறது. அதை மட்டும் பார்த்து இரண்டு என்ஜின்களும் ஒரே மாதிரி தேயும் என்று முடிவுகட்டுவது தவறு. சிறிய என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 750 முறை எரிபொருள் வெடிக்கிறது, பெரியதில் 500 முறைதான். வால்வு, ஸ்பிரிங், பேரிங், இன்ஜெக்டரின் ஊசி ஆகிய அனைத்தும் அதே ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒன்றரை மடங்கு சுழற்சிகளைத் தாங்குகின்றன. உலோகக் களைப்பு என்பது சுழற்சிகளின் எண்ணிக்கையைக் கணக்கு வைத்துக்கொண்டு வருவது. ஓடிய கிலோமீட்டரை மட்டும் வைத்து ஷெட்யூல் போட்டால், வேகமாகச் சுழலும் என்ஜினுக்கு உரிய கவனம் கிடைக்காது. எடையில் மிச்சப்பட்ட 14 டன்னின் விலையைப் பிட்டில் நின்று வேலை செய்பவர்தான் தவணை தவணையாகக் கட்டுகிறார் என்பதைப் புதிய வகை லோகோக்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள் தொடக்கத்திலேயே எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து போகி, அதாவது லோகோவின் அடியில் சக்கர அச்சுகளைத் தாங்கும் சட்டகம். நமக்குப் பழக்கமான டபிள்யூ.டி.எம்.2-இல் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு டிராக்ஷன் மோட்டார் (டீசல் என்ஜினின் ஆற்றலால் உண்டாகும் மின்சாரத்தில் சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார்) உண்டு. டி.ஆர்.13-இலோ போகிக்கு ஒரே மோட்டார். அதன் விசை பற்சக்கர வரிசை வழியாக மூன்று அச்சுகளுக்கும் போகிறது. பிரான்சில் 1958-இலேயே பி.பி.16500 என்ற மின் லோகோவில் அல்ஸ்தோம் செய்துகாட்டிய முறை இது. 1960-களில் இந்தியாவுக்கு வந்த டபிள்யூ.ஏ.ஜி.1 மின் லோகோக்களின் போகிகளும் ஒற்றை மோட்டார் கொண்டவையே. இதன் பெரிய நன்மை பிடிமானம். தனித்தனி மோட்டார் இருந்தால், வண்டி கிளம்பும்போது முன் அச்சின் மேல் சுமை குறைந்து அந்தச் சக்கரம் மட்டும் வழுக்கத் தொடங்கும். மூன்று அச்சுகளும் பற்களால் பிணைக்கப்பட்டிருந்தால் ஒன்று மட்டும் தனியாக வழுக்க முடியாது. பனி படிந்த தண்டவாளத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லவே வேண்டாம்.

அதே பிணைப்புதான் பராமரிப்பவரைக் கட்டிப்போடுகிறது. மூன்று சக்கர ஜோடிகளும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும் என்பதால் மூன்றின் விட்டமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி மற்றவற்றைவிடச் சிறுத்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அது தண்டவாளத்தில் சிறிதளவு இழுபட்டுக்கொண்டே ஓடும். அந்த இழுபறி முழுவதும் பற்சக்கரங்களின் மேலேயே விழும். ஆகவே ஒரு சக்கரத்தில் பிரேக் தேய்த்துத் தட்டை விழுந்தாலும், அந்தப் போகியின் மூன்று ஜோடிகளையும் வீல் லேத்தில் ஏற்றி ஒரே அளவுக்குச் சீவ வேண்டியிருக்கும். தனி மோட்டார் லோகோவில் பழகிய கைகள் இதை வீண்வேலை என்று நினைத்து ஒரு ஜோடியை மட்டும் மாற்றிவிட்டுப் போனால், சில மாதங்களுக்குப் பிறகு பற்சக்கரப் பெட்டியின் ஆயிலில் இரும்புப் பொடி ஏறும். காரணத்தைத் தேடுபவருக்குப் பழைய சக்கர அளவுகள் நினைவுக்கே வராது. சக்கர விட்டப் பதிவேட்டையும் ஆயில் சாம்பிள் அறிக்கையையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்று வகுப்புதோறும் சொல்லி வந்தேன்.

பற்சக்கரப் பெட்டியில் இரண்டு விகிதங்கள் இருந்தன. ஒன்றில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை, மற்றதில் 100 கிலோமீட்டர் வரை. விரைவு வண்டியை இழுத்து வந்த லோகோவே விகிதத்தை மாற்றிக்கொண்டு மரச்சரக்கை இழுத்துப் போகலாம். ஒரு லோகோவைச் சும்மா நிறுத்தாமல் நாள் முழுவதும் பயன்படுத்த இது வழிசெய்தது.

இப்போது தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறேன். இரண்டு என்ஜின்களில் ஒன்று நின்றாலும் நடுவழியில் வண்டி அநாதையாக நிற்காது என்பது மனிதர்கள் அரிதாக வாழும் நெடுந்தூரப் பாதைகளில் உண்மையான பாதுகாப்பு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நின்றுபோன என்ஜின் ஓய்வெடுக்கிறது என்று எண்ணுவது பிழை. வடக்கே குளிர்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் கீழ் இறங்கும் இடத்தில், ஓடாத என்ஜினின் குளிர்விக்கும் நீரைச் சூடாக வைத்திருக்கவோ வடித்துவிடவோ வேண்டும். தவறினால் நீர் உறைந்து விரிந்து, வார்ப்பிரும்பு உடலையே பிளந்துவிடும். இன்னொரு பக்கம், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் 1,030 கிலோவாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, செத்த துணையின் எடையையும் சேர்த்து அதே வண்டியை இழுக்கிறது. முழு நாட்ச்சில், அதாவது ஆற்றல் கைப்பிடியின் உச்ச நிலையில், அது ஓடும் நேரம் கூடுகிறது, லைனரும் பிஸ்டன் வளையமும் கூடுதல் வெப்பத்தில் தேய்கின்றன. ஒரு என்ஜினின் பழுதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால், அந்த ஒரு வாரத்தில் இரண்டு என்ஜின்களும் முதுமையடைகின்றன.

ஆகவே இரட்டை என்ஜின் லோகோவோ, இரட்டையாகக் கோத்த லோகோவோ, எதுவாக இருந்தாலும் இரண்டுக்கும் தனித்தனி ஓட்ட மணிக்கணக்கு, தனித்தனி ஆயில் சாம்பிள், தனித்தனிப் பழுதுப் பதிவு இருக்க வேண்டும். ‘வண்டி நேரத்துக்கு வந்தது’ என்ற குறிப்பு பழுதுப் பதிவேட்டில் இடம்பெறவே கூடாது. அது போக்குவரத்துத் துறையின் செய்தி. இரண்டில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை அது மறைத்துவிடும்.

பணிக்கு வந்தபோது இந்த வகையின் பெயர் எச்.ஆர்.13. முதல் எழுத்து பயணிகள் வண்டியையும், இரண்டாவது கனமான அச்சுச்சுமையையும் குறித்தன. 1976-இல் பெயரிடும் முறை மாறி, டீசலைக் குறிக்கும் எழுத்து முன்னால் வந்து டி.ஆர்.13 ஆயிற்று. அதற்குள் சூழலும் மாறத் தொடங்கியிருந்தது. 1969-இல் ஹெல்சிங்கியின் அருகே 25,000 வோல்ட் மின் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1973 முதல் சோவியத் ஒன்றியத்தின் நோவோசெர்காஸ்க் தொழிற்சாலையிலிருந்து எஸ்.ஆர்.1 வகை மின் லோகோக்கள் நூற்றுக்கும் மேலாக வந்து சேர்ந்தன. முக்கியப் பாதைகளில் மின்கம்பி நீள நீள, டி.ஆர்.13 கம்பி எட்டாத பாதைகளை நோக்கித் தள்ளப்பட்டது. அங்கே சிறிய டி.வி.12 லோகோக்கள் 192 இருந்தன. தேவைக்கேற்ப இரண்டையோ மூன்றையோ கோத்துக்கொள்ளலாம். 1985 முதல் வால்மெட் கட்டிய டி.ஆர்.16 வகையில் மாறுதிசை மின் மோட்டார்கள் வந்தன. கட்டப்பட்டவை 23 மட்டுமே. டி.ஆர்.13-இன் கடைசி லோகோக்கள் 2000-ஆம் ஆண்டோடு பணியிலிருந்து விலகின. ஏறத்தாழ 35 ஆண்டுகள். இந்திய ரயில்வே ஒரு டீசல் லோகோவுக்கு வகுத்திருக்கும் ஆயுட்காலம் 36 ஆண்டுகள் என்பதை நினைத்துப் பார்த்தால், 32 சிலிண்டர்களையும் அத்தனை காலம் ஓடவைத்த ஷெட் தொழிலாளர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை ஏற்படுகிறது.

2020-களில் பின்லாந்துக்கு வரத் தொடங்கிய டி.ஆர்.19 லோகோக்களை ஸ்டாட்லர் நிறுவனம் ஸ்பெயினின் வலென்சியாவில் கட்டுகிறது. ஒவ்வொரு லோகோவின் கூட்டுக்குள்ளும் 950 கிலோவாட் ஆற்றல் கொண்ட இரண்டு டீசல் என்ஜின்கள் இருக்கின்றன.