அல்ட்ராகிரெபிடேரியன்: ஒரு செருப்பும் ஒரு வசையும்

அரிய ஆங்கிலச் சொற்களின் பட்டியல் எதை எடுத்தாலும் ‘அல்ட்ராகிரெபிடேரியன்’ என்ற சொல் பெரும்பாலும் அதில் இருக்கும். ‘தனக்குத் தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்பவர்’ என்று ஒரே வரியில் பொருள் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். பொருளில் பிழையில்லை. ஆனால் இந்தச் சொல்லின் வயிற்றுக்குள் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். அவருக்கு நேர்ந்தது என்ன என்று தெரியாமல் இதைத் தமிழாக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘அல்ட்ரா’ என்றால் லத்தீன் மொழியில் ‘அப்பால்’. ‘கிரெபிடா’ என்பது கிரேக்கர்கள் அணிந்த, கனத்த அடியும் வார்களும் கொண்ட ஒரு வகைச் செருப்பு. கிரேக்கத்தில் ‘கிரேபிஸ்’ என்று வழங்கிய சொல் லத்தீனுக்கு வந்து இப்படி ஆனது. கடைசியில் ஒட்டியிருப்பது ‘வெஜிடேரியன்’ என்பதில் நாம் தினமும் கேட்கும் அதே விகுதி. மூன்றையும் சேர்த்தால் ‘செருப்புக்கு அப்பால் போகிறவர்’ என்று வரும். செருப்புக்கும் தெரியாத விஷயத்துக்கும் என்ன தொடர்பு?

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, ‘இயற்கை வரலாறு’ என்ற மாபெரும் தொகுப்பை விட்டுச் சென்றார். அதன் 35ஆம் நூல் ஓவியக்கலை பற்றியது. மகா அலெக்சாண்டரின் ஓவியராக இருந்த அப்பெலிஸ் குறித்து அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அப்பெலிஸ் தான் வரைந்து முடித்த ஓவியங்களைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வைத்துவிட்டு, அவற்றின் பின்னால் மறைந்து நின்று அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்பாராம். பொதுமக்களின் கண் தன் கண்ணைவிடக் கூர்மையானது என்பது அவர் நம்பிக்கை. ஒரு நாள் செருப்புத் தைப்பவர் ஒருவர் வந்தார். ஓவியத்தில் இருந்த செருப்பைப் பார்த்து, உள்பக்கத்தில் வார் செருகும் வளையம் ஒன்று குறைகிறது என்றார். அப்பெலிஸ் அதைத் திருத்தினார். மறுநாள் அதே மனிதர் வந்தார். தன் பேச்சுக்கு மதிப்புக் கிடைத்த பெருமிதத்தில் அடுத்து அந்த உருவத்தின் காலிலும் குறை சொல்லத் தொடங்கினார். மறைவிலிருந்து தலையை நீட்டிய அப்பெலிஸ், செருப்புத் தைப்பவர் செருப்புக்கு மேலே தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று சினந்து கூறினார். அது பழமொழியாகவும் ஆகிவிட்டது என்று பிளினியே எழுதுகிறார்.

பிளினி எழுதிய சொல் ‘சுப்ரா’, அதாவது ‘மேலே’. காலுக்கும் செருப்புக்கும் அதுதான் பொருந்தும். செருப்புக்கு மேலே இருப்பது கால்தானே. பின்னாளில் பழமொழி வாய்மாறியபோது ‘சுப்ரா’ போய் ‘அல்ட்ரா’ வந்து உட்கார்ந்துகொண்டது. 16ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் தம் பழமொழித் தொகுப்பில் இதைச் சேர்த்த பிறகு ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் இது பரவியது. ஆங்கிலத்தில், செருப்புக்கு வடிவம் கொடுக்கும் கட்டையோடு செருப்புத் தைப்பவர் நின்றுகொள்ளட்டும் என்று மாறியது. இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகளில் அந்தப் பழமொழியைப் பார்க்கலாம்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. முதல் நாள் அந்தத் தொழிலாளி சொன்னது சரி. உலகமே கொண்டாடிய ஓவியர் அதை ஏற்றுக்கொண்டு தூரிகையை எடுத்தார். ஆகவே இவர் ஒன்றும் தெரியாத வெட்டிப் பேச்சுக்காரர் அல்லர். தன் தொழிலில் தேர்ந்தவர். ஒரு துறையில் கிடைத்த மதிப்பை மூலதனமாக்கி அடுத்த துறையிலும் தீர்ப்புச் சொல்வதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

பிளினி இதே பக்கத்தில் இன்னொன்றும் சொல்கிறார். அலெக்சாண்டர் அடிக்கடி அப்பெலிஸின் ஓவியக்கூடத்துக்கு வருவார். ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாமல் நிறையப் பேசுவார். அப்போது அப்பெலிஸ், வண்ணம் அரைக்கும் பையன்கள் சிரிக்கிறார்கள், பேசாமல் இருப்பது நல்லது என்று அவரிடம் இதமாகச் சொல்வாராம். ஒரே கூடம், ஒரே ஓவியர், ஒரே குற்றம். தொழிலாளிக்குக் கிடைத்தது அதட்டல். பேரரசருக்குக் கிடைத்தது இதமான அறிவுரை. பழமொழியானதும், பிறகு சொல்லானதும் தொழிலாளியின் பிழைதான். அரசரின் பிழையிலிருந்து எந்த மொழியும் ஒரு சொல்லை உண்டாக்கவில்லை. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்துப் படித்த பிறகு இந்தச் சொல்லை வெறும் வேடிக்கைச் சொல்லாக என்னால் பார்க்க முடிவதில்லை.

ஆங்கிலத்தில் இது பிறந்த விதமும் அப்படித்தான். அச்சில் முதலில் காணக்கிடைப்பது 1819இல். கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ இதழின் ஆசிரியர் வில்லியம் கிஃபர்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி நூலாக வெளியிட்டார். அந்த இதழ் ஹாஸ்லிட்டின் நூல்களைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. பதிலுக்கு அவர், ‘உம்மை அல்ட்ராகிரெபிடேரியன் விமர்சகர் என்று அழைத்தது பொருத்தமே’ என்று எழுதினார். ‘அழைத்தது’ என்று அவர் சொல்வதைப் பார்த்தால், நண்பர்கள் வட்டத்தில் அந்தப் பட்டப்பெயர் ஏற்கெனவே உலவியிருக்க வேண்டும். 1823இல் கவிஞர் லீ ஹண்ட் அதே கிஃபர்டைச் சாடி ஓர் அங்கதக் கவிதை வெளியிட்டார். அதன் தலைப்பே ‘அல்ட்ரா-கிரெபிடேரியஸ்’.

எத்தனையோ வசைகள் இருக்க, செருப்பை ஏன் தேடிப் பிடித்தார்கள்? கிஃபர்டு உண்மையிலேயே செருப்புத் தைக்கும் பட்டறையிலிருந்து வந்தவர்.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஆஷ்பர்ட்டன் என்ற சிற்றூரில் 1756இல் பிறந்தவர் அவர். பதின்மூன்று வயது நிறைவதற்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். கொஞ்ச காலம் கடலோரக் கப்பலில் எடுபிடியாக இருந்தார். பிறகு செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அந்த வேலை அவருக்கு அறவே பிடிக்கவில்லை. கணக்கின் மேல்தான் ஆசை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு இயற்கணித நூல். அதைப் படிக்க அதற்கு முந்தைய பாடங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலாளியின் மகனிடம் அதற்கான புத்தகம் இருந்தது. அவன் அதை ஒளித்து வைத்திருந்தான். தற்செயலாக அது இருக்கும் இடம் தெரிந்ததும், பல இரவுகள் கண்விழித்து, அவனுக்குத் தெரியாமலே முழுவதையும் படித்து முடித்தார். எழுதிப் பார்க்க வேண்டுமே? தாளும் மையும் வாங்கக் கையில் காசில்லை. தோல் துண்டுகளை அடித்து அடித்து வழவழப்பாக்கி, முனை மழுங்கிய குத்தூசியால் அவற்றின் மேல் கணக்குப் போட்டார். தாம் மொழிபெயர்த்து 1802இல் வெளியிட்ட, ரோமானிய அங்கதக் கவிஞர் ஜுவெனலின் கவிதைகளின் முன்னுரையில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

அவர் இயற்றிய சில பாக்கள் குக்ஸ்லி என்ற உள்ளூர் மருத்துவரின் காதுக்கு எட்டின. அவர் ஊராரிடம் பணம் திரட்டி, தொழில் பழகும் ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த காலத்தை விலை கொடுத்து மீட்டு, கிஃபர்டைப் படிக்க வைத்தார். பட்டறையிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் போன அந்த இளைஞர் 1809இல் தொடங்கிய ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’வின் முதல் ஆசிரியர் ஆனார்.

கிஃபர்டு ஆசிரியராகக் கொடுமையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்சி அரசியலை இலக்கியத்துக்குள் கொண்டுவந்து, எதிர்க்கட்சியின் எழுத்தாளர்களைத் தம் இதழில் வாட்டினார். இளங்கவிஞர் கீட்ஸைக் குத்திக் கிழித்த 1818ஆம் ஆண்டு மதிப்புரை வந்ததும் அவர் காலத்தில்தான். அவரைத் திட்ட ஹாஸ்லிட்டுக்குக் காரணங்கள் ஏராளம். பிரெஞ்சுப் புரட்சியைக் கடைசிவரை நெஞ்சில் வைத்துப் போற்றிய ஹாஸ்லிட் அந்தக் காரணங்களோடு நின்றிருக்கலாம். எதிராளி இளமையில் செய்த தொழிலை இழுத்திருக்க வேண்டியதில்லை. குத்தூசி பிடித்து இயற்கணிதம் கற்ற கைக்கு, உன் இடம் செருப்பு என்று நினைவூட்டுவது விமர்சனம் ஆகாது.

இனித் தமிழுக்கு வருவோம். நம் நாட்டில் செருப்புத் தைக்கும் தொழிலைச் சாதியோடு கட்டிவைத்து, அந்தத் தொழிலின் பெயரையே வசையாக்கியிருக்கிறோம். எனவே ‘செருப்பைத் தாண்டியவர்’ என்று இந்தச் சொல்லை அப்படியே பெயர்த்தால், கிரேக்கக் கதையில் இருந்ததைவிடப் பல மடங்கு நஞ்சு அதில் சேர்ந்துவிடும். நேர்மொழிபெயர்ப்பை நான் ஒதுக்குவது இதனால்தான்.

கைவசம் இருக்கும் தமிழ்ச் சொற்கள் பொருந்துமா? பலருக்கும் முதலில் தோன்றுவது ‘அதிகப்பிரசங்கி’. அது வேறு பொருள் கொண்டது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசும் சிறுவனை அதிகப்பிரசங்கி என்கிறோம். அவன் சொன்னது சரியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம். அங்கே அளக்கப்படுவது வயதும் இடமும். ‘அரைவேக்காடு’ என்பவருக்கு எதுவும் முழுதாகத் தெரியாது. ஆங்கிலத்தில் அதற்கு ‘சியோலிஸ்ட்’ என்ற வேறொரு பழைய சொல் இருக்கிறது. மேலோட்டமான அறிவை வைத்துக்கொண்டு மேதையாக வலம் வருபவர் என்று பொருள். நம் கதையின் தொழிலாளியோ தன் வேலையில் நன்றாக வெந்தவர். ‘மேதாவி’ என்று ஏளனமாகச் சொல்வது பேச்சுக்கு ஆகும், அகராதிக்கு ஆகாது. ‘ஆண்டிக்கு ஏன் அம்பாரக் கணக்கு’ என்ற பழமொழி கருத்தளவில் நெருங்கி வருகிறது. ஆனால் அதிலும் அதே கோளாறு: ஆண்டிக்குக் கணக்குத் தெரியுமா என்று கேட்காமலே, ஆண்டி என்பதற்காக விரட்டுகிறது.

வள்ளுவர் கேட்கும் கேள்வி வேறு. கல்லாமை அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள்:

அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய
நூலின்றிக் கோட்டி கொளல்.

கட்டம் வரையாமல் காயுருட்டி ஆடுவது போன்றது, நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது என்கிறார். பேசுபவர் யார், என்ன தொழில் செய்கிறார் என்று அவர் கேட்கவில்லை. கட்டம் வரைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். அதே அதிகாரத்தின் ஒன்பதாவது குறள், மேற்குடியில் பிறந்தும் கல்லாதவர், கீழ்க்குடியில் பிறந்தும் கற்றவருக்கு இணையாகமாட்டார் என்கிறது. ஆஷ்பர்ட்டன் பட்டறைச் சிறுவனுக்கும் ஓவியக்கூடத்தில் உளறிய அலெக்சாண்டருக்கும் இதைப் பொருத்திப் பார்த்தால் நியாயம் எந்தப் பக்கம் என்பது தெளிவாகிவிடும்.

தமிழில் ‘துறை’ என்ற சொல் இருக்கிறது. ஆற்றில் இறங்கும் இடம் என்பது முதற்பொருள். அறிவின் ஒரு பிரிவு என்பது அதிலிருந்து வந்தது. ஒன்றை முற்றக் கற்றவரைத் ‘துறைபோகியவர்’ என்பது பழைய வழக்கு. இதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். ‘துறைமீறி’ என்று ஆக்கலாமே எனலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. துறையை மீறுவது குற்றமன்று. மீறிப் போய்க் கற்றதால்தான் கிஃபர்டு ஆக்ஸ்போர்டுக்குப் போனார். புதிய துறையைக் கற்காமலே அதில் தீர்ப்புச் சொல்வதுதான் குற்றம். ஆகவே என் பரிந்துரை ‘துறையறியாத் தீர்ப்பாளர்’. செயலைக் குறிக்கத் ‘துறையறியாத் தீர்ப்பு’. நீளமாகத் தோன்றினால் சாதாரண உரைநடையில் ‘அறியாத துறையில் தீர்ப்புச் சொல்பவர்’ என்றே எழுதிவிடலாம்.

எடுத்துக்காட்டாக: ‘இதய அறுவைச் சிகிச்சையில் அவருக்கு நிகரில்லை, அணையின் உறுதி பற்றி அவர் பேசுவது துறையறியாத் தீர்ப்பு.’ அணையின் அருகே வாழும் விவசாயி கசிவைப் பார்த்துச் சொல்லும் புகாருக்கு இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. பொறியியல் பட்டம் அவரிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கசிவை அறிந்தவர் அவர்தான். ஓவியத்தில் வளையம் குறைவதைக் கண்டுபிடித்த முதல் நாள் தொழிலாளியின் இடத்தில் அவர் நிற்கிறார்.

ஒரே ஒரு விதிவிலக்கு வைக்கலாம். ஹாஸ்லிட்டின் கடிதத்தையோ ஹண்டின் கவிதையையோ தமிழில் பெயர்ப்பவர் செருப்பை மறைக்க முடியாது. மறைத்தால் அந்த வசை எங்கே குத்தியது என்பதே வாசகருக்குப் புரியாமல் போய்விடும். அங்கே ‘செருப்புக்கு அப்பால் போன விமர்சகர்’ என்று எழுதி, கிஃபர்டு யாரிடம் தொழில் பழகினார் என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.